சுங்குடி நிறமும் கேமராவின் கண்ணும்

திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சின்னாளபட்டி. சேலைக்குப் பெயர் போன ஊர். அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து சுங்குடியில் சிவப்பு காட்டச் சொன்னால் கடைக்காரர் உடனே எடுத்துப் போட மாட்டார். "எந்தச் சிவப்பு?" என்று கேட்பார். அரக்கு வேறு, குங்குமச் சிவப்பு வேறு, மிளகாய்ப்பழச் சிவப்பு வேறு, மெரூன் வேறு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் சின்னக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்.

அதே நான்கு சேலைகளையும் ஒரு நல்ல கேமராவில் எடுத்து கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அரக்கும் மெரூனும் ஒன்று போலத் தெரியலாம். குங்குமம் பளீரென்று ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிடலாம். ஆன்லைனில் படம் பார்த்து வாங்கிய அம்மா பார்சலைப் பிரித்து, "போட்டோல ஒரு கலரு, நேர்ல ஒரு கலரு" என்று திருப்பி அனுப்பினால் போக வர கூரியர் செலவு யார் தலையில்? விற்றவர் ஏமாற்றவில்லை. போட்டோ எடுத்தவரும் எதையும் மாற்றவில்லை. அப்படியானால் நிறம் எங்கே மாறியது?

இந்தக் கேள்விக்கான இன்றைய பதில்தான் கேமரா கலர் புரொஃபைல். நம் சந்தைக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். ஒரு தராசு கிலோவுக்கு 50 கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் தராசைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஒவ்வொரு கிலோவுக்கும் 50 கிராம் கூட்டிக்கொண்டால் போதும். கேமராவும் அப்படித்தான். எந்த நிறத்தை எவ்வளவு தப்பாகப் பார்க்கிறது என்று அளந்து, "இதை இப்படித் திருத்து" என்று எழுதிவைத்த ஒரு சின்னக் கோப்புதான் புரொஃபைல். கேமராக் கம்பெனியோ சாஃப்ட்வேர் கம்பெனியோ தரும் பொதுவான கோப்பை விட்டுவிட்டு, தன் கேமராவுக்கும் தன் இடத்து வெளிச்சத்துக்கும் ஒருவர் தானே தயாரித்தால் அது சொந்தப் புரொஃபைல்.

கேட்க ஏதோ டெக்னிக்கல் சமாச்சாரம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இதன் பின்னால் 160 வருடத்துக்கும் மேலான ஒரு கதை உண்டு. போட்டோவில் எது "சரியான நிறம்" என்று யார் முடிவு செய்வது என்பதே அந்தக் கதை. நீண்ட காலம் அந்த முடிவு எங்கோ தூரத்துத் தொழிற்சாலையில் எடுக்கப்பட்டது. முடிவின் பலனை அனுபவித்தது நம் ஊர்ச் சேலைகளும் நம் ஊர் முகங்களும்!

முதல் கலர் போட்டோவே ஒரு துணிதான்

1861 மே 17. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு சொற்பொழிவு நடத்தினார். மின்காந்தவியல் சமன்பாடுகளால் பிளஸ் டூ மாணவர்களைப் பாடாய்ப் படுத்துகிற அதே மேக்ஸ்வெல்தான். மனிதக் கண் எல்லா நிறங்களையும் மூன்று அடிப்படை உணர்வுகளின் கலவையாகத்தான் பார்க்கிறது என்று நிரூபிப்பது அவர் நோக்கம். அதற்காகத் தாமஸ் சட்டன் என்ற புகைப்படக்காரரை வைத்து, கட்டம் போட்ட ஒரு ஸ்காட்லாந்து ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே படம் எடுக்கச் செய்தார். மூன்றையும் அதே நிற வெளிச்சத்தில் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தபோது ரிப்பன் கலரில் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சோதனை நியாயமாகப் பார்த்தால் தோற்றிருக்க வேண்டும். அந்தக் காலத்துப் புகைப்படத் தட்டுகளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியவே தெரியாது. பிறகு சிவப்பு எப்படிப் பதிவானது? சரியாக நூறு வருடம் கழித்து, 1961இல், கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸும் அவர் சகாக்களும் விடையைக் கண்டுபிடித்தார்கள். ரிப்பனில் இருந்த சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் பிரதிபலித்திருக்கிறது. வடிகட்டி அதை உள்ளே விட்டிருக்கிறது. தட்டில் பதிந்தது சிவப்பே அல்ல, புற ஊதா! உலகின் முதல் கலர் போட்டோவில் சாயம் செய்த தந்திரத்தால் தப்பான காரணத்துக்காகச் சரியான நிறம் வந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2006இல் வெளிவந்த லைக்கா எம்8 என்ற விலை உயர்ந்த டிஜிட்டல் கேமராவிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது, இந்த முறை எதிர்ப்பக்கத்தில். சென்சாருக்கு முன்னால் இருந்த அகச்சிவப்புத் தடுப்பு போதவில்லை. செயற்கை இழைக் கறுப்புத் துணிகள் அகச்சிவப்பை நிறையப் பிரதிபலிப்பவை. கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் படத்தில் கத்தரிப்பூக் கலரில் வந்து நின்றார்கள். கடைசியில் வாங்கியவர்களுக்கு லென்ஸில் மாட்டும் இரண்டு ஃபில்டர்களை லைக்கா இலவசமாகக் கொடுத்தது.

ஆக, துணி என்றால் கேமராவுக்கு ஆரம்பத்தில் இருந்தே கண்டம்தான். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சாயங்கள் கேமராவுக்கு வேறு வேறாகத் தெரியலாம். கண்ணுக்கு வேறாகத் தெரிவது கேமராவுக்கு ஒன்றாகத் தெரியலாம். சின்னாளபட்டிச் சிவப்புகளின் பிரச்சினைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

17 பேரின் கண்கள்

நிறத்தை எண்ணால் எழுத முடியுமா? 1920களின் கடைசியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட், ஜான் கில்டு என்ற இருவர் தனித்தனியாக முயன்றார்கள். ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள். இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை விளக்குகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ரைட் 10 பேரை உட்கார வைத்தார், கில்டு 7 பேரை. இந்த 17 பேரின் கண்ணை வைத்து 1931இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளி ஆணையம் "தர நிலைப் பார்வையாளர்" என்ற கற்பனை மனிதரை உருவாக்கியது. இன்றைக்கும் டிவி, பிரிண்டர், பெயின்ட் கடை மெஷின், போட்டோ சாஃப்ட்வேர் எல்லாமே நிறத்தை எண்ணாக மாற்றும்போது கடைசியில் அந்த 17 பேரிடம்தான் போய் நிற்கின்றன. 17 பேர் போதுமா என்று கேட்கத் தோன்றும். பிற்காலச் சோதனைகள் அந்த எண்கள் பெரிய அளவில் பிழை இல்லை என்றே காட்டின. அந்த மட்டில் நமக்கு நிம்மதி. நிறத்துக்கு ஒரு பொது முகவரி கிடைத்தது. அந்த முகவரிக்குக் கேமராவைக் கொண்டு வந்து சேர்ப்பதுதான் பாக்கி, அதற்கு இன்னும் பல வருடம் ஆனது.

ஃபிலிம் பெட்டிக்குள் அடைபட்ட நிறம்

நடுவில் வந்தது ஃபிலிம் காலம். கறுப்பு வெள்ளைக் காலத்தில் நம் ஊர் ஸ்டுடியோக்களில் கலர் வேண்டும் என்றால் பிரிண்டின் மேல் தூரிகையால் சாயம் தீட்டுவார்கள். சேலைக்கு எந்த நிறம் என்பது தீட்டுகிறவர் கையில். முகத்தை ஒரு மாற்றுக் குறைத்துக் காட்டுவதும் அவர் கையில்தான்! அது சரியான நிறமா என்பது வேறு விஷயம். குறைந்தபட்சம் முடிவெடுத்தவர் பக்கத்துத் தெருக்காரர்.

கலர் ஃபிலிம் வந்ததும் அந்த முடிவு கப்பல் ஏறிவிட்டது. கோடாக்குரோம் 1935இல் அமெரிக்காவில் வந்தது. தமிழில் முழுநீளக் கலர் படம் என்று பெயர் வாங்கியது 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த "அலிபாபாவும் 40 திருடர்களும்". அது பெல்ஜியத்தின் கேவாகலர். 1959இல் வந்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" கேவாகலரில் எடுக்கப்பட்டு லண்டனில் டெக்னிகலரில் பிரிண்ட் ஆனது. 1964இல் "காதலிக்க நேரமில்லை" ஈஸ்ட்மன் கலர். டைட்டிலில் ஃபிலிம் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் வந்ததை நம் தாத்தா பாட்டிகள் இன்றும் சொல்வார்கள். அது வெறும் விளம்பரம் அல்ல. ஒவ்வொரு கம்பெனி ஃபிலிமுக்கும் ஒரு நிறச் சாய்வு உண்டு. இந்தச் சிவப்பு இப்படித்தான் வரும், இந்தத் தோல் இப்படித்தான் தெரியும் என்று தொழிற்சாலையின் ரசாயனமே தீர்மானித்துவிடும். இன்றைய மொழியில் சொன்னால் ஒவ்வொரு ஃபிலிம் ரோலும் மாற்ற முடியாத ஒரு கலர் புரொஃபைல்.

இதில் வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு சுவாரசியமான பகுதி உண்டு. எந்த ஃபிலிம் நல்ல நிறம் தரும் என்பதைவிட எந்த ஃபிலிமுக்கு அந்நியச் செலாவணி கிடைக்கும் என்பதே அன்று இந்தியாவில் பெரிய கேள்வி. கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் தொழிற்சாலை 1964இல் ஆக்ஃபா என்ற பெயரை விட்டுவிட்டு ஆர்வோ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. சோவியத் பக்கத்து நாடுகளோடு இந்தியா ரூபாயிலேயே வியாபாரம் செய்ததால் ஆர்வோ வாங்க டாலர் தேவைப்படவில்லை. அதனால் ஆர்வோ இங்கே தாராளமாகப் புழங்கியது. ஒரு தலைமுறையின் கலர் படங்கள் சில எப்படித் தெரிகின்றன என்பதற்குப் பின்னால் ஒரு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது! சொந்த ஃபிலிம் வேண்டும் என்று அரசு 1960இல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பிரெஞ்சு நிறுவனமான பௌஷேயின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் ஊர் ஊராகப் போயின. ஆனால் நம் வெயிலுக்கும் நம் தோலுக்கும் பொருத்தமாக நாமே ஒரு கலர் ஃபிலிம் வடிவமைப்பது மட்டும் கனவாகவே நின்றுவிட்டது. டிஜிட்டல் வந்து ஃபிலிமையே அடித்துப் போனபின் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

சிவப்புச் சேலை செய்த "குற்றம்"

ஃபிலிமோடு கதை முடியவில்லை. நெகட்டிவில் இருந்து பிரிண்ட் போடும்போது நிறத்தை இன்னொரு முறை முடிவு செய்ய வேண்டும். லட்சக்கணக்கான படங்களுக்கு ஒவ்வொன்றாக யார் பார்ப்பது? மேக்ஸ்வெல்லின் ரிப்பன் மர்மத்தை விடுவித்த அதே ரால்ஃப் எவன்ஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1951இல் காப்புரிமை பெற்றார். சாதாரணமான ஒரு படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சராசரியாகச் சாம்பல் நிறம் வரும் என்பது அவர் கவனித்தது. எனவே மெஷின் ஒவ்வொரு நெகட்டிவையும் சராசரி சாம்பலாக வரும்படி திருத்திவிட்டால் போதும். புல்வெளி, வானம், நடைபாதை இருக்கும் படங்களில் இது அருமையாக வேலை செய்தது.

இப்போது நம் ஊர்க் கல்யாண மேடையை நினைத்துப் பாருங்கள். பின்னால் சிவப்புத் திரை. கல்யாணப் பெண்ணுக்கு அரக்குக் கூறைச் சேலை. கழுத்தில் ரோஜா மாலை. மெஷின் பார்க்கிறது... "அடடா, சிவப்பு ரொம்ப அதிகமாகிவிட்டது" என்று எதிர் நிறமான பச்சை கலந்த நீலத்தைக் கூட்டுகிறது. சேலை மங்குகிறது, முகம் சோகை பிடித்தது போல ஆகிறது. லேப்காரர்கள் இதற்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயர் "சப்ஜெக்ட் ஃபெயிலியர்". அதாவது தவறு கணக்கில் இல்லையாம், படத்தில் இருப்பவரிடம் இருக்கிறதாம்! சிவப்புச் சேலை கட்டியது பெண்ணின் தோல்வி. அனுபவம் உள்ள லேப் ஆபரேட்டர் கண்ணால் பார்த்துக் கையால் திருத்துவார். அவசரத்தில் இருப்பவர் அப்படியே விட்டுவிடுவார்.

ஆபரேட்டர் எதைப் பார்த்துத் திருத்துவார்? அதற்கும் கோடாக் ஒன்று அனுப்பியது. 1950களில் இருந்து லேப்களுக்குப் போன அந்த மாதிரிப் படத்தில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண் இருப்பார். முதல் மாடலின் பெயர் ஷர்லி என்பதால் பின்னால் யார் நின்றாலும் அது ஷர்லி கார்டு. ஷர்லியின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கறுத்த தோல் எப்படி வருகிறது என்று சோதிக்க அந்தக் கார்டில் எதுவும் இல்லை. கறுப்பும் வெளுப்புமாகப் பலர் நிற்கும் குரூப் போட்டோவில் கறுத்தவர்களின் முகம் விவரம் இல்லாமல் இருட்டில் கரைந்துபோனது.

இதை ஆராய்ந்த கனடாவின் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. பழுப்பு நிறங்களைச் சரியாகக் காட்டும்படி கோடாக் ஃபிலிமைத் திருத்த முனைந்ததற்கு உந்துதலாக இருந்தது கறுத்த மக்களின் புகார் அல்ல. டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று சாக்லேட் கம்பெனிகள் முறையிட்டன. மரத்தின் ரேகை தெரியவில்லை என்று நாற்காலி மேசை விற்கும் கம்பெனிகள் முறையிட்டன. விளம்பரத்துக்குப் பணம் கொட்டும் வாடிக்கையாளர் சொன்னால் ரசாயனம் மாறுகிறது. திண்டுக்கல்லில் ஒரு ரோல் வாங்கி 36 படம் எடுப்பவர் என்ன சொன்னால் என்ன? பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் ஷர்லி கார்டு வர 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. "சரியான நிறம்" விஞ்ஞானம் மட்டும் அல்ல, மார்க்கெட்டும்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1976: இரண்டு கண்டுபிடிப்புகள்

டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறமே தெரியாது. வெளிச்சம் கூடவா குறைவா என்பது மட்டும்தான் தெரியும். கோடாக்கின் பிரைஸ் பேயர் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு குட்டி வடிகட்டியை வைத்தார். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். 1976இல் காப்புரிமை. பெரும்பாலான கேமராக்களும் செல்போன்களும் இன்றுவரை இந்த முறையின் வழியாகத்தான் நிறம் பார்க்கின்றன. மேக்ஸ்வெல்லின் மூன்று வடிகட்டிகள்தான் இவை, அளவு மட்டும் எறும்புக் கண் அளவுக்குக் கீழே போய்விட்டது.

அதே 1976இல் மெக்கேமி, மார்கஸ், டேவிட்சன் என்ற மூவர் 24 கட்டங்கள் கொண்ட ஒரு அட்டையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். மேக்பெத் கலர்செக்கர். பார்க்கச் சாதாரண பெயின்ட் அட்டை போலத்தான் இருக்கும். ஆனால் அதில் சில கட்டங்களின் சாயம் நிறத்தில் மட்டும் அல்ல, ஒவ்வொரு அலைநீளத்தையும் பிரதிபலிக்கும் விதத்திலும் இயற்கைப் பொருளைப் போலவே இருக்கும்படி தயாரானது. வானம், இலை, நீலப் பூ என்று. முதல் வரிசையின் முதல் கட்டம் என்ன தெரியுமா? கறுத்த தோல். இரண்டாவது கட்டம்தான் வெளுத்த தோல். ஷர்லி கார்டு கோலோச்சிய காலத்தில் இந்த அட்டையில் நம் நிறம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது!

புரொஃபைல் ஏன் தேவை என்பதற்கு ஜெர்மனியின் ராபர்ட் லூதர் 1927லேயே காரணம் சொல்லிவிட்டார். மூன்று வடிகட்டிகளும் மனிதக் கண்ணின் உணர்வுகளோடு கணக்குப்படி துல்லியமாகப் பொருந்தினால்தான் கேமரா மனிதனைப் போல நிறம் பார்க்கும். எந்தக் கேமராவும் அந்த நிபந்தனையை முழுதாக நிறைவேற்றுவதில்லை. ஆகவே கேமரா தரும் மூன்று எண்களை ஒன்பது எண்கள் கொண்ட ஒரு அட்டவணையால் பெருக்கி, 17 பேரின் கண் கண்ட நிறத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்த ஒன்பது எண்கள்தான் புரொஃபைலின் எலும்புக்கூடு.

ஃபிலிமுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். ஃபிலிமில் ரசாயனமாக இறுகிப்போயிருந்த முடிவு இப்போது வெறும் எண்ணாகிவிட்டது. எண்ணை யாரும் மாற்றலாம்.

எண்கள் கைக்கு வந்த கதை

1993இல் ஆப்பிள், அடோபி, கோடாக், மைக்ரோசாஃப்ட் உட்பட எட்டு நிறுவனங்கள் கூடி ஐசிசி என்ற அமைப்பை உண்டாக்கின. ஸ்கேனர், மானிட்டர், பிரிண்டர் எல்லாவற்றின் நிறக் குணத்தையும் ஒரே வடிவில் எழுதிவைக்க ஏற்பாடு. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற எல்லையை முன்வைத்தன. அதே காலத்து இன்னொரு தமாஷ்: 1998இல் போட்டோஷாப் 5 வந்தபோது அடோபி ஒரு நிற எல்லையைத் தப்பான எண்களோடு வெளியிட்டுவிட்டது. திருத்தப் போனால், "இதுவே நன்றாக இருக்கிறது, விடுங்கள்" என்று பயன்படுத்தியவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தத் தவறுக்கு அடோபி ஆர்ஜிபி 1998 என்று பெயர் வைத்து அதையே தரமாக்கிவிட்டார்கள்.

போட்டோ எடுப்பவர்களுக்கு உண்மையான திருப்பம் 2003இல் அடோபி கேமரா ரா வந்தபோது. சென்சார் பார்த்ததைச் சமைக்காமல் பச்சையாகச் சேமிக்கும் ரா கோப்பைத் திறந்து நிறத்தை நாமே முடிவு செய்யலாம். அதில் கேமராவைத் திருத்தச் சில ஸ்லைடர்கள் இருந்தன. 24 கட்ட அட்டையைப் படம் எடுத்து, ஸ்லைடர்களை மாற்றி மாற்றி அட்டையோடு பொருத்துவது பலரின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது. தாமஸ் ஃபோர்ஸ் என்பவர் இந்தப் பொருத்தும் வேலையைத் தானாகச் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி இலவசமாகக் கொடுத்தார். 2004இல் டிஎன்ஜி என்ற பொது ரா வடிவம் வந்தது. 2008இல் அடோபி டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டர் என்ற கருவியை இலவசமாக வெளியிட்டது. 2009இல் எக்ஸ்ரைட் நிறுவனம் சட்டைப் பையில் போகும் அளவுக்குக் கலர்செக்கர் பாஸ்போர்ட் என்று சின்ன அட்டையையும் கூடவே சாஃப்ட்வேரையும் கொண்டுவந்தது. மேக்ஸ்வெல்லில் ஆரம்பித்த கணக்கு ஒரு கல்யாண போட்டோகிராபரின் பைக்குள் வந்து விழுந்தது.

செய்முறை இதுதான். எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கப் போகிறோமோ அதே வெளிச்சத்தில் அட்டையை வைத்து, பளபளப்பு விழாமல், ராவில் ஒரு படம். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து அட்டையின் நான்கு மூலைகளைக் காட்டினால் சாஃப்ட்வேர் 24 கட்டங்களையும் படிக்கும். கறுத்த தோல் கட்டம் எஸ்ஆர்ஜிபி கணக்கில் சுமார் 115, 82, 68 என்று இருக்க வேண்டும். கேமரா உதாரணத்துக்கு 128, 80, 60 என்று கொடுத்தால் சிவப்பு கூடிவிட்டது, நீலம் குறைந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் வித்தியாசம் பார்த்து, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைந்த பிழை வரும்படி திருத்தத்தைக் கணக்கிட்டு ஒரு கோப்பாகச் சேமிக்கும். அன்றைய படங்கள் அத்தனைக்கும் அந்தக் கோப்பைப் போட்டுவிட்டு அதன்பிறகு எடிட்டிங்கைத் தொடங்கலாம்.

ஒயிட் பேலன்ஸ் செய்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. ஒயிட் பேலன்ஸ் சாம்பலைச் சாம்பலாக்கும், அவ்வளவுதான். சாம்பல் சரியாக இருக்கும்போதே அரக்கு ஆரஞ்சுப் பக்கம் போகலாம், வாடாமல்லி நீலப் பக்கம் போகலாம். வெள்ளையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிற குணம் அதற்கு!

இரண்டு கேமராக்கள் வைத்து எடுக்கும் கல்யாணங்களில் இதன் அருமை தெரியும். ஒரு கம்பெனிக் கேமராவில் பெண் மாநிறம், இன்னொரு கம்பெனிக் கேமராவில் ரோஸ் நிறம் என்று ஆல்பத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பெண்கள் போல இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் புரொஃபைல் செய்தால் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிடும். மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திருத்தும் கூலி மிச்சம்.

ஆனால் மந்திரக்கோல் அல்ல. மண்டபங்களில் இப்போது எல்லாம் எல்இடி. மலிவான எல்இடியின் வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. பெட்டியில் போட்டிருக்கும் சிஆர்ஐ 80 என்ற மதிப்பெண்ணைக் கணக்கிட எட்டு மங்கலான நிறங்களைத்தான் சோதிக்கிறார்கள். ஆழ்ந்த சிவப்பு அந்தப் பரீட்சையில் பாடத்திட்டத்துக்கு வெளியே! அரக்குச் சேலைக்குத் தேவையான சிவப்பு விளக்கிலேயே இல்லாதபோது எந்தப் புரொஃபைல் வந்து கொடுக்கும்? ஒரே நிறத்தில் எரியும் சீரியல் லைட்டின் கீழ் அட்டையை நீட்டுவதும் வீண் வேலை. மயில்கழுத்துச் சேலையோ இன்னும் மோசம். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம், திரும்பத் திரும்ப மாறும். அதற்கு "சரியான நிறம்" என்று ஒன்றே கிடையாது.

இன்னொரு விஷயம் வெளிச்சத்தைப் பற்றியது அல்ல, மனசைப் பற்றியது. அட்டை வைத்து, புரொஃபைல் செய்து, முகத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்த பிறகு, "கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்க தம்பி" என்று கேட்பவர்கள் குறையவில்லை. "கலர்" என்றால் நம் ஊரில் வெளுப்பு என்று ஆகிவிட்டதே பெரிய கொடுமை. ஷர்லி கார்டைத் திட்டுவது எளிது. தூரிகையால் முகத்தை வெளுப்பாக்கிய ஸ்டுடியோவும், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோவில் முகத்தைப் பவுடர் டப்பா போல ஆக்கும் இன்றைய எடிட்டிங்கும் ரோசெஸ்டர் நகரத்துக் கோடாக் சொல்லி வந்ததல்ல. முன்பு ஃபிலிம் அப்படி, மெஷின் அப்படி என்று கை காட்ட இடம் இருந்தது. சொந்தப் புரொஃபைல் அந்தச் சாக்கை எடுத்துவிட்டது.

இந்த அட்டை பழைய படங்களுக்கும் உதவுகிறது. பாண்டிச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் நிதியோடு, 2010களில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. பொதுவாக ஆவணக் காப்பகங்களில் இப்படிப் பழைய பிரிண்டையோ சுவடியையோ படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒரு நிற அட்டையையும் அளவுகோலையும் வைத்தே எடுப்பார்கள். ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவர், காகிதத்தின் மஞ்சள் காலத்தால் வந்ததா கேமராவால் வந்ததா என்று அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

செல்போனுக்கு வருவோம். இன்று பெரும்பாலான சேலைப் படங்கள் போனில்தான் எடுக்கப்படுகின்றன. போன் தானே முகத்தைக் கண்டுபிடித்து, தானே வெளுத்து, தானே நிறம் கூட்டிவிடுகிறது. மறுபடி முடிவு தூரத்துத் தொழிற்சாலைக்கே போய்விட்டது! 2021இல் கூகுள் தன் பிக்சல் போனில் ரியல் டோன் என்று கறுத்த தோலுக்காகத் தனிக் கவனம் எடுத்ததாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் ஆண்ட்ராய்டு போன்களில் 2014 முதலும் ஐபோனில் 2016 முதலும் டிஎன்ஜி ராவாகச் சேமிக்கும் வசதி திறந்துவிடப்பட்டிருக்கிறது. எல்லாப் போனிலும் இல்லை, இருக்கும் போனில் கேமராவுக்குச் செய்யும் அதே முறையில் அட்டை வைத்துப் புரொஃபைல் செய்யலாம். ஆர்கில், டிகேம்புரோஃப் போன்ற இலவசக் கருவிகளும் உண்டு. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அட்டை வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அதில் இருப்பது சாயம். வெயிலில் விட்டால் வெளுக்கும், விரல் பட்டால் எண்ணெய் ஏறும், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். குறிப்பாகக் கல்யாண வீட்டில், மஞ்சளும் குங்குமமும் பட்ட கையோடு "இது என்ன தம்பி, கலர் கலரா இருக்கு?" என்று வாங்கிப் பார்க்கும் பெரியவர்களிடம் இருந்து அதைக் காப்பாற்றுவது தனிச் சாமர்த்தியம்!